10 எம்.எம். தள்ளி நிற்கும் ஹோம்

ஓசூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மிணிக்கு,

சித்தப்பா எழுதிக்கொள்வது. போனில் நீ சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டேன். பதிலையும் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் பட்டறை இரைச்சலில் நீ பாதிதான் கேட்பாய், மெஷின் ஓட்டும் தம்பிக்கு அதில் கால்வாசிதான் போய்ச் சேரும். அதனால்தான் எழுதுகிறேன். நீ படித்துவிட்டு அவனையும் படிக்கச் சொல். பிறகு எலெக்ட்ரிக்கல் பேனல் கதவின் உள்பக்கம் டிராயிங் வைக்கிற பை இருக்கிறதே, அதில் போட்டு வை. இன்னும் சில வருஷம் கழித்து வேறு யாராவது அந்தக் கதவைத் திறக்கும்போது உதவும்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். நாளைக் காலை மெஷினில் கை வைக்கும் முன், தம்பி ஆஃப்செட்டில் சக் பக்கமாக 10 எம்.எம். தள்ளிப் போட்டிருக்கிறானே, அதை எடுத்துவிடு. பழைய அளவு என்னவோ அதையே திரும்பப் போடு.

ஏன் என்று சொல்கிறேன். சில நாள் காலையில் ஹோம் பண்ணிவிட்டு ஓட்டினால் டூல் ஜாபைத் தொடாமல் 10 எம்.எம். பின்னாலேயே ஓடுகிறது என்றாய். அந்த நாளில் ஹோம் என்கிற இடமே டெயில்ஸ்டாக் பக்கமாக 10 எம்.எம். தள்ளி அமைந்துவிட்டது. கண்ட்ரோலுக்கு அது தெரியாது. தான் நிற்கிற இடம்தான் ஜீரோ என்று நம்பி, அங்கிருந்து கணக்குப் போட்டு நகர்கிறது. தம்பி 10 குறைத்துப் போட்டதும் ஜாப் சரியாக வந்துவிட்டது. ஆனால் மறுநாள் ஹோம் தன் பழைய இடத்துக்கே சரியாகப் போய் நிற்கும். அப்போது அந்த 10 எம்.எம். நேராக ஜாபுக்குள்ளோ சக் ஜாவுக்குள்ளோ போகும். நிமிடத்துக்கு 20 மீட்டர் ரேபிட் என்று வைத்துக்கொண்டால், அந்த 10 எம்.எம். தூரத்தைக் கடக்க ஒரு நொடியில் நூறில் மூன்று பங்கு போதும். ஃபீட் ஹோல்டு பட்டனைத் தேடவே நேரமிருக்காது. டர்ரெட் அலைன்மென்ட் போகும், ஸ்பிண்டில் பேரிங் அடி வாங்கும். அதையெல்லாம் காசு கொடுத்துச் சரி செய்துவிடலாம். உடைந்த கார்பைடு துண்டு கதவு இடுக்கு வழியாக வெளியே வந்து ஒரு பையன் முகத்தில் பட்டால் எதைக் கொடுத்துச் சரி செய்வது? தம்பியைத் திட்டாதே. ஜாப் வரவேண்டும் என்றுதான் செய்தான். இனிமேல் ஹோம் சந்தேகமாக இருந்தால் ஆஃப்செட்டைத் தொடவே கூடாது, அதை மட்டும் அவன் மனசில் பதிய வை.

ஆஃப்செட்டைப் பழையபடி வைத்த பிறகு ஒருநாள் ஹோம் தப்பாக அமைந்தாலும் டூல் காற்றில்தான் ஓடும், ஆபத்தில்லை. அப்படித் தெரிந்தால் நிறுத்தி, இசட்டை ஹோமிலிருந்து நன்றாக நடுப்பக்கம் நகர்த்திவிட்டு மறுபடி ஹோம் பண்ணச் சொல்.

அடுத்தது மோட்டார். வந்து பார்த்தவர் எண்கோடர் போய்விட்டது, இசட் மோட்டாரை மாற்றவேண்டும் என்றாராம். இப்போதைக்கு வேண்டாம். நீ சொன்ன அந்த 10 எம்.எம். என்கிற கணக்கே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஏன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும், பொறுமையாகப் படி.

உன் மெஷினில் இருப்பது ஃபானுக் 0ஐ மேட் டி.சி. கண்ட்ரோல், மோட்டாரில் இன்கிரிமெண்டல் முறையில் ஓடும் எண்கோடர். கரண்ட் போனால் தான் எங்கே நிற்கிறோம் என்பதே அதற்கு மறந்துபோகும். பேட்டரி வைத்த அப்சல்யூட் எண்கோடர் என்றால் கரண்ட் இல்லாதபோதும் ஞாபகம் வைத்திருக்கும். உன்னுடையதில் அது இல்லை, அதனால் ஒவ்வொரு முறை ஆன் பண்ணும்போதும் ஹோம் போயே ஆகவேண்டும். 2012-ல் நம் கோயமுத்தூரில் கரண்ட் பாதி நாள் இருந்தது, பாதி நாள் இல்லை. வரும்போதெல்லாம் இந்த மாதிரி மெஷின்கள் அத்தனையும் ஹோம் போய்க்கொண்டிருந்தன. உன் மெஷின் அப்போது யாரிடம் இருந்ததோ தெரியாது, ஆனால் அந்த ஸ்விட்ச் நிறைய உழைத்திருக்கும்.

ஹோம் பட்டனை அழுத்தியதும் என்ன நடக்கிறது என்று கேள். ஆக்ஸிஸ் ரேபிட்டில் ப்ளஸ் பக்கம் கிளம்புகிறது. கொஞ்ச தூரத்தில் டாக் என்கிற அந்தச் சரிவான இரும்புத் துண்டு வந்து ஸ்விட்சின் பிளஞ்சரை உள்ளே அழுத்துகிறது. உள்ளே இருப்பது நார்மலி குளோஸ்டு கான்டாக்ட், அது திறந்து 24 வோல்ட் நின்றுபோகிறது. கண்ட்ரோல் அதைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, ஊர்ந்து போகத் தொடங்குகிறது. டாக் தாண்டியதும் ஸ்பிரிங் பிளஞ்சரை வெளியே தள்ளுகிறது, கான்டாக்ட் சேருகிறது, 24 வோல்ட் திரும்ப வருகிறது. அந்தக் கணத்திலிருந்துதான் கண்ட்ரோல் எண்கோடரில் ஒரு சுற்றுக்கு ஒருமுறை வருகிற மார்க்கர் பல்ஸைத் தேடுகிறது. முதலில் வரும் மார்க்கரில் நிற்கிறது. அதுதான் ஜீரோ.

அதாவது ஜீரோவின் துல்லியமான இடத்தை ஸ்விட்ச் முடிவு பண்ணுவதில்லை. ஸ்விட்ச் தெருவைக் காட்டுகிறது, மார்க்கர் வீட்டு நம்பரைக் காட்டுகிறது. தெரு மாறிவிட்டால் அதே நம்பருள்ள வீட்டுக்குத்தான் போவாய், ஆனால் அடுத்த தெருவில். உன் இசட் பால் ஸ்க்ரூ 10 பிட்ச், மோட்டாரோடு நேராகக் கப்ளிங்கில் சேர்ந்திருக்கிறது. ஒரு சுற்று என்றால் 10 எம்.எம். ஹோம் சரியாக ஒரு சுற்று தள்ளி நின்றிருக்கிறது. எண்கோடர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது, ஸ்விட்ச்தான் அதைத் தப்பான தெருவில் இறக்கிவிட்டது.

எண்கோடர் கெட்டிருந்தால் கணக்கு இப்படிச் சுத்தமாக இருக்காது. மார்க்கர் வரவே இல்லையென்றால் ஆக்ஸிஸ் நிற்காமல் ஊர்ந்துகொண்டே போய் ஓவர் டிராவலில் முட்டும், இல்லாவிட்டால் 090 அலாரம் வரும். கப்ளிங் லூஸ் என்றால் ஒருநாள் 0.3, இன்னொரு நாள் 1.7 என்று வாய்க்கு வந்த அளவு வரும், ஜாப் ஓடும்போதே அளவு மாறும். காலையில் ஒன்றும் மத்தியானம் ஒன்றுமாக சில மைக்ரான் வித்தியாசம் வந்தால் அது மெஷின் சூடாகி ஸ்க்ரூ நீளுகிற விஷயம். இந்த வியாதிகளுக்காக ஹோம் ஸ்விட்சை மாற்றுகிறவர்களும் உண்டு, அது வீண் செலவு. ஸ்விட்ச் எத்தனை மோசமாக இருந்தாலும் 0.02 தப்பு அதனால் வராது. ஒன்று தப்பே இருக்காது, இல்லை முழு ஒரு சுற்று தப்பு இருக்கும். அளவைக் கேட்டாலே வியாதி பாதி தெரிந்துவிடும் என்பது இதனால்தான். எக்ஸில் இதே தப்பு வந்தால் ஜாபின் டயாவில் இரண்டு மடங்காகத் தெரியும், 6 பிட்ச் ஸ்க்ரூ என்றால் டயாவில் 12.

சரி, ஏன் சில நாள் மட்டும், அதுவும் காலையில் மட்டும்? என் சந்தேகம் பிளஞ்சர் மேல். கூலண்ட் தண்ணீர் காய்ந்தால் எண்ணெய்ப் பசை மாதிரி ஒன்று மிச்சம் நிற்கும், அதில் நுண்ணிய சிப்ஸ் கலந்து பிளஞ்சரைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். இரவு முழுக்கச் சும்மா கிடந்தால், அதிலும் ஞாயிறு தாண்டினால், நன்றாக இறுகிவிடும். டாக் வந்து அழுத்தும்போது பிளஞ்சர் உள்ளே போகும், அதில் சிக்கல் இல்லை. டாக் தாண்டிய பிறகு ஸ்பிரிங்கால் அதைச் சட்டென்று வெளியே தள்ள முடியாது. ஊரும் வேகம் பாராமீட்டர் 1425-ல் இருக்கும், என்ன என்று பார்த்துச் சொல். 300 என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 5 எம்.எம். பிளஞ்சர் அரை நொடி சோம்பினால் 2.5 எம்.எம். போய்விடும். அந்த இடைவெளிக்குள் மார்க்கர் வந்து போய்விட்டால் கண்ட்ரோல் அதைக் கணக்கில் எடுக்காது, அடுத்த மார்க்கருக்காக இன்னும் ஒரு சுற்று போகும். உன் ஹோம் எப்போதும் ப்ளஸ் பக்கமாகவே தள்ளுகிறது என்பது இதோடு ஒத்துப்போகிறது. நாலைந்து முறை வேலை செய்ததும் பசை இளகி, பகலில் எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதனால்தான் பகலில் வந்து பார்க்கிறவர்கள் கண்ணுக்கு ஸ்விட்ச் நல்லதாகவே தெரியும்.

ஆகவே பார்ப்பதென்றால் காலையில், மெஷின் குளிர்ந்து கிடக்கும்போதே பார்க்கவேண்டும். ஸ்பேனர் எடுக்கும் முன் திரையைப் பார். சிஸ்டம் கீயை அழுத்தி, பி.எம்.சி., பிறகு பி.எம்.சி. டயக்னோசிஸ், அதில் ஸ்டேட்டஸ். எக்ஸ் 9 என்று அடித்துத் தேடு. எட்டு பிட் வரிசையாகத் தெரியும், வலது ஓரம்தான் 0. டாக் அழுத்தியதும் வேகத்தைக் குறைக்கச் சொல்கிற அந்த ஹோம் ஸ்விட்சுக்குத்தான் டீசெல் என்று பெயர். எக்ஸ் 9.0 என்பது எக்ஸ் ஆக்ஸிஸின் டீசெல் ஸ்விட்ச், அதற்கு இடப்பக்கம் இருக்கும் எக்ஸ் 9.1 இசட்டுடையது. ஸ்விட்ச் சும்மா இருக்கும்போது 1, அழுத்தினால் 0. முகவரியில் வரும் எக்ஸையும் ஆக்ஸிஸ் எக்ஸையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, முகவரியில் அது இன்புட் என்று மட்டும்தான் அர்த்தம். இதைவிடப் பழைய 0-டி கண்ட்ரோல் உள்ள மெஷின் உன் கைக்கு வந்தால் அதில் 16.5, 17.5 என்று பார்க்கவேண்டும்.

எமர்ஜென்சியை அழுத்தி வைத்துவிட்டு, இசட் ஸ்விட்ச் கவரைக் கழற்று. மூன்று பிளஞ்சர் வரிசையாக இருக்கும். இரண்டு ஓவர் டிராவலுக்கு, ஒன்று டீசெலுக்கு. தம்பியைத் திரைக்கு முன் நிறுத்து. நீ ஒரு மரக்குச்சியால் ஒவ்வொன்றாக அழுத்து, எதை அழுத்தும்போது 9.1 மாறுகிறதோ அதுதான் நமக்கு வேண்டியது. இப்போது அதை முழுக்க அழுத்தி, குச்சியைச் சட்டென்று எடு. டிக் என்று சத்தம் கேட்கவேண்டும், அதே கணத்தில் தம்பி ஒன்று என்று சொல்லவேண்டும். உலோக நுனி மெதுவாக, தேன் ஒட்டியதுபோல மேலே வந்தால், டிக் சத்தம் பின்தங்கிக் கேட்டால், வியாதி அங்கேயே இருக்கிறது. கையைக் கவருக்குள் விட்டிருக்கும்போது எமர்ஜென்சியை யாரும் எடுக்கக் கூடாது. திரைக்கு முன் நிற்கிற தம்பிதான் அதற்குக் காவல்.

பிளஞ்சர் நன்றாக இருந்தால் அடுத்து கேபிள். கேபிள் செயினுக்குள் நாளெல்லாம் வளைந்து வளைந்து உள்ளே கம்பி அறுந்திருக்கும், மேல் உறை முழுசாகவே இருக்கும். கவரை மாட்டி, கதவைச் சாத்தி, இசட்டை மெதுவாக ஜாகில் முழு நீளமும் ஓட்டிக்கொண்டே 9.1-ஐப் பார். டாக் மேல் மட்டும்தான் அது 0 ஆகவேண்டும். நடுவழியில் எங்காவது ஒருமுறை மின்னினால்கூடக் கேபிளை மாற்று. டேப் சுற்றிச் சமாளிக்காதே, வளைகிற கேபிளில் ஒட்டுப்போட்டால் அந்த ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி அறும்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கிறவர்கள் பீப் சத்தத்தை நம்பிவிடுகிறார்கள். பத்து இருபது ஓம் இருந்தாலும் மீட்டர் பீப் என்றுதான் சொல்லும். மெயினை அணைத்து, ஸ்விட்ச் ஒயரைக் கழற்றி, ஓம் வைத்துப் பார். நல்ல கான்டாக்ட் ஒரு ஓமுக்குள் காட்டும். பத்து முறை அழுத்திவிட்டுப் பார்த்தாலும் அதே அளவு காட்டவேண்டும், ஒவ்வொரு முறை ஒவ்வொன்று காட்டினால் கான்டாக்ட் கெட்டுவிட்டது. கண்ட்ரோல் இன்புட் சில மில்லி ஆம்பியர்தான் இழுக்கும். பெரிய கரண்ட் ஓடும் கான்டாக்டில் சிறு பொறி பட்டு முகம் தானாகச் சுத்தமாகும், இந்தச் சிறு கரண்டில் அது நடக்காது. வெள்ளி முகத்தில் கறுப்புப் படலம் படிந்துகொண்டே போகும். மாற்று வாங்கும்போது சிறு கரண்டுக்கு ஏற்ற, தங்க முலாம் போட்ட கான்டாக்ட் உள்ளதா என்று கேட்டு வாங்கு.

பேனலுக்குள் 415 வோல்ட் இருக்கிறது. சர்வோ ஆம்ப்ளிஃபயரில் மெயினை அணைத்த பிறகும் சார்ஜ் இருக்கும், அந்தச் சிவப்பு விளக்கு அணையும்வரை உள்ளே விரல் போகக் கூடாது. எக்ஸ் பக்கம் வேலை பார்த்தால் இன்னொன்று. உன்னுடையது சாய்வுப் படுக்கை மெஷின். மோட்டார் பிரேக் தேய்ந்திருந்தால் கரண்ட் போனதும் டர்ரெட்டோடு சேர்ந்து எக்ஸ் ஸ்லைடு கீழே சறுக்கும். ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் பிறகு கை.

எக்ஸிலோ இசட்டிலோ நாளைக்கு வேறு மாதிரி தப்பு வரலாம், ஓட்டத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கத் தம்பிக்குச் சொல்லி வை. ஹோம் அழுத்தியதும் முதலிலிருந்தே ஊர்ந்து போனால் கண்ட்ரோலுக்கு 0 மட்டும்தான் தெரிகிறது. ஒயர் அறுந்திருக்கும், இல்லை பிளஞ்சர் உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும். ரேபிட்டிலேயே போய் ஓவர் டிராவலில் விழுந்தால் 1 மாறவே இல்லை என்று அர்த்தம். டாக் போல்ட் லூஸாகி விலகியிருக்கும், அல்லது ஸ்விட்சுக்குள் கூலண்ட் புகுந்து, கான்டாக்ட் திறந்த பிறகும் தண்ணீர் வழியாகவே கரண்ட் ஓடும். இரண்டாவது வகை பயங்கரமானது. அந்த நேரத்தில் மெஷினைக் காப்பாற்றுவது பக்கத்தில் இருக்கும் ஓவர் டிராவல் ஸ்விட்ச் ஒன்றுதான். அலாரம் தொந்தரவு என்று அந்த ஒயர்களைச் சேர்த்து முறுக்கிக் கட்டிவைக்கும் பழக்கம் நிறையப் பட்டறைகளில் இருக்கிறது. உன் பட்டறையில் அது நடக்கவே கூடாது. பேனலில் அப்படி ஒரு ஜம்பர் ஏற்கனவே இருக்கிறதா என்றும் டிராயிங்கை வைத்து ஒருமுறை பார்த்துவிடு. செகண்ட் ஹேண்டில் வந்த மெஷின், முன்னே இருந்தவர்கள் என்ன செய்து வைத்தார்களோ.

பிளஞ்சர்தான் என்று உறுதியானால், கழற்றும் முன் ஸ்விட்ச் பிளாக்கைச் சுற்றியும் டாக்கைச் சுற்றியும் ஸ்கிரைபரால் கோடு போட்டுக்கொள். ஏர் கன்னால் ஊதாதே. ஊதினால் சிப்ஸ் வெளியே போகாது, ரப்பர் சீலைத் தாண்டி உள்ளே போகும். துரு நீக்கும் ஸ்பிரேயை அடித்துவிட்டு ஆச்சு என்று மூடுகிறார்களே, அதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. ரெண்டு நாள் நன்றாக ஓடும், பிறகு அதுவே தூசியைச் சேர்த்துப் பசையாகும். பிளஞ்சரைக் கழற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடை. ரப்பர் சீல் கிழிந்திருந்தால் துடைத்துப் பயனில்லை, சீலோடு பிளஞ்சரையும் உள்ளே இருக்கும் மைக்ரோ ஸ்விட்சையும் மாற்றிவிடு. மூன்றில் ஒன்று போனால் மற்ற இரண்டும் அதே வயசு, அதே கூலண்டில் ஊறியவை. மூன்றையும் மாற்றச் சொல்வேன். சில ஆயிரத்தில் முடியும், அந்த மோட்டார் விலைக்கு இது ஒன்றுமே இல்லை. கேபிள் கிளாண்டை இறுக்கு. கேபிள் ஸ்விட்சுக்குள் நுழையும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏறுகிற மாதிரி விடு. அப்போது கேபிள் மேல் வழியும் கூலண்ட் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், உள்ளே போகாது.

பிராக்ஸிமிட்டி சென்சார் போட்டுவிடலாமா என்று கேட்டாய். தொடாமல் வேலை செய்யும், தேயாது, உண்மைதான். ஆனால் உன் மெஷினில் அந்த இடத்தில் இரும்புச் சிப்ஸ் வந்து விழுகிறது. சென்சார் முகத்தில் நாலு துகள் ஒட்டினால் டாக் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். பி.என்.பி.யா, நார்மலி குளோஸ்டா என்று பார்த்து வாங்கவேண்டும், பிராக்கெட் புதிதாகச் செய்யவேண்டும், ஹோம் இடத்தைத் திரும்பப் பிடிக்கவேண்டும். பழைய மாதிரி ஸ்விட்ச் கடையில் கிடைக்கிறவரை அதையே போடு என்பதுதான் என் அபிப்பிராயம்.

இனி சொல்லப்போவதை எத்தனையோ பேர் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள், அதனால்தான் புது ஸ்விட்ச் போட்ட பிறகும் அதே தப்பு திரும்ப வருகிறது. ஸ்விட்ச் மாட்டிய பிறகு, சரியான ஹோமில் நிற்கும்போது ரிலேட்டிவ் அளவை ஜீரோ பண்ணு. ஹேண்டிலில் இசட்டை மைனஸ் பக்கம் கொண்டுபோ, டாக் முழுசும் தாண்டி 9.1 மறுபடி 1 ஆகும்வரை. அங்கிருந்து திரும்பி ஹோம் பக்கமாக மெதுவாகச் சுற்றிக்கொண்டு வா. 0 ஆகும், பிறகு ஓரிடத்தில் 1 ஆகும். அந்த இரண்டாவது இடத்தில் நிறுத்தி, ஹோமுக்கு இன்னும் எத்தனை எம்.எம். என்று குறித்துக்கொள். ஹோம் பக்கம் வரும்போது மட்டுமே அளக்கவேண்டும், ஸ்விட்ச் அழுந்தும் இடமும் விடும் இடமும் ஒன்றல்ல.

10 பிட்ச் ஸ்க்ரூவில் அந்தத் தூரம் 5-க்கு அருகில் இருக்கவேண்டும். பாதி பிட்ச். அப்போது ஸ்விட்ச் கொஞ்சம் முன்னே பின்னே விட்டாலும் எந்த மார்க்கரிலும் போய் இடிக்காது. 0.5 என்று வந்தால் விளிம்பில் நிற்கிறாய் என்று அர்த்தம், துளி தாமதமானாலும் அடுத்த சுற்று. உன் மெஷினில் இப்படித்தான் வரும் என்று நினைக்கிறேன். 9.5 என்று வந்தால் அதுவும் விளிம்புதான், ஆனால் மறுபக்கம். அங்கே ஸ்விட்ச் துளி முந்தினால் ஹோம் 10 எம்.எம். சக் பக்கம் வந்துவிடும், அன்றைக்கு டூல் காற்றில் ஓடாது, நேராக மோதும். 0.5 என்றால் டாக்கை நகர்த்தி, ஸ்விட்ச் விடும் இடம் இன்னும் 4.5 எம்.எம். முன்னதாக வரும்படி வை. 9.5 என்றால் அதே அளவு பின்னுக்கு. இரண்டிலுமே ஹோம் தன் பழைய இடத்திலேயே நிற்கும், எந்த ஆஃப்செட்டும் மாறாது. சிலர் டாக்கைத் தொடச் சோம்பல்பட்டு, பாராமீட்டர் 1850-ல் கிரிட் ஷிஃப்டை மாற்றுவார்கள். அதை மாற்றினால் ஜீரோவே நகரும், சாஃப்ட் லிமிட்டும் கூடவே நகரும், எல்லா டூலையும் புதிதாக செட் பண்ணவேண்டிவரும். அதைத் தொடாதே.

கடைசியாக ஒரு வேலை. ஹோம் சரியாக இருக்கும் ஒருநாள், ஆக்ஸிஸ் அங்கே நிற்கும்போது சேடில் கவரிலும், அதற்கு நேரே அசையாத கவரிலும் சேர்த்து ஒரு மெல்லிய கோடு கீறி, அதில் வெள்ளைப் பெயின்ட் தடவிவிடு. எக்ஸுக்கும் அதேபோல ஒன்று. தினம் ஹோம் பண்ணியதும் தம்பி அந்தக் கோடு இரண்டும் நேராக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், அதற்குப் பிறகுதான் சைக்கிள் ஸ்டார்ட். 10 எம்.எம். விலகினால் யாருக்கும் கண்ணில் படும். ஹோம் போகும்போது எக்ஸ் முதலில், இசட் அப்புறம் என்கிற வரிசையையும் விடக் கூடாது. ஹோமுக்கு ரொம்பப் பக்கத்திலிருந்து கிளம்பினாலும் 090 வரும், அதனால் முதலில் இரண்டு ஆக்ஸிஸையும் கொஞ்சம் நடுவுக்கு நகர்த்திவிட்டுப் பிறகு ஹோம் பண்ணட்டும்.

இன்னொரு லேத் பார்த்து வைத்திருப்பதாக அப்பா சொன்னார். சந்தோஷம். அதைப் பார்க்கப் போகும்போது, காலையில் அவர்கள் ஆன் பண்ணும் முன்பே போய் நில். குளிர்ந்த மெஷினை உன் கண் முன்னே ஆன் பண்ணச் சொல், பலமுறை அணைத்து அணைத்து ஹோம் போகச் சொல். ஒரு டயல் கேஜை முட்டுக் கொடுத்து ஒவ்வொரு முறையும் முள் எங்கே நிற்கிறது என்று பார். ஏற்கனவே சூடாக்கி, ஜாப் ஓட்டிக் காட்டுகிற மெஷினில் இந்த வியாதி தெரியாது. பெயின்ட் புதிதாக அடித்திருந்தால் கேபிள் செயின் உள்ளேயும் ஸ்விட்ச் கவர் உள்ளேயும் டார்ச் அடித்துப் பார், அங்கே யாரும் பெயின்ட் அடிக்க மாட்டார்கள்.

நாளைக்கு எனக்கு வேண்டிய விவரம்: இசட் ஸ்விட்ச் விடும் இடத்திலிருந்து ஹோமுக்கு எத்தனை எம்.எம்., எக்ஸுக்கு அதே அளவு, 1425-லும் 1850-லும் என்ன இருக்கிறது, பிளஞ்சர் நுனி உருளையா கூரையா, ஸ்விட்ச் பிளாக் மேல் அச்சடித்த நம்பர். எக்ஸ் அளவைச் சொல்லும்போது திரையில் டயாவாகக் காட்டுவதைப் பாதியாக்கிச் சொல். அந்த நம்பரைப் பார்த்துவிட்டுத் தேவையான ஸ்விட்சை இங்கேயே வாங்கிக்கொண்டு வியாழக்கிழமை ரயிலில் வருகிறேன், வெள்ளிக்கிழமை காலை நீ ஆன் பண்ணும் முன்பே பட்டறையில் இருப்பேன். அப்பாவுக்கு மாத்திரை தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள். அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சித்தப்பா